தாவரவியலாளர் ஜானகி அம்மாள் எப்படிப்பட்ட வீட்டுல இருந்து வந்தாங்க?

கேள்வி இதுதான்: 1931லயே அமெரிக்காவுல பாட்டனியில டாக்டர் பட்டம் வாங்குன இ.கே. ஜானகி அம்மாளோட குடும்பப் பின்னணி என்ன, சின்ன வயசுல அவங்களை செடி கொடி பக்கம் இழுத்தது யாரு, கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டு அந்தக் காலத்துல ஒரு பொண்ணு கப்பல் ஏறுனது எப்படி சாத்தியமாச்சு, எல்லாம் வசதியான வீடுங்கறதால தானா. நாலு கேள்வி ஒண்ணா வந்திருக்கு. நாலுமே ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கிடக்கறதால நான் வரிசையா போகப் போறதில்ல, கொஞ்சம் நீளமா வரும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன். அவங்களைப் பத்தி தமிழ்ல வர்ற குறிப்பு முக்கால்வாசி "அப்பா நீதிபதி, தோட்டம் வச்சிருந்தார், அதைப் பார்த்து மகளுக்கு ஆர்வம் வந்துச்சு"ன்னு ரெண்டு வரியில முடிஞ்சுடும். அது பொய் இல்ல, ஆனா பாதி கூட இல்ல. அம்மா வழியைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறாங்க, அந்த ஊரைப் பத்தி பேச மாட்டேங்கறாங்க, சென்னையில எந்த வருஷம் எந்த காலேஜ் திறந்துச்சுங்கறதைப் பத்தியும் பேச மாட்டேங்கறாங்க. என்னைக் கேட்டா இந்த மூணும் இல்லாம அவங்க கதை புரியவே புரியாது.

பிறந்தது 1897 நவம்பர் 4, தலசேரியில. இப்போ கேரளா, கண்ணூர் மாவட்டம். அப்போ அது மெட்ராஸ் மாகாணத்துல மலபார் ஜில்லா, அதனால படிக்கணும்னாலும் மேல போகணும்னாலும் அந்த ஊர் ஆளுங்களுக்கு மெட்ராஸ் தான் தலைநகரம். அப்பா திவான் பகதூர் எடவலத்து கக்கத்து கிருஷ்ணன், தலசேரியில சப் ஜட்ஜ். அவருக்கு முதல் மனைவி மூலமா 6 பிள்ளைங்க, ரெண்டாவது மனைவி தேவி குருவாயி மூலமா 13 பிள்ளைங்க, மொத்தம் 19. ஜானகி பத்தாவது. பத்தொன்பது பிள்ளைங்க இருக்கற வீட்டுல பத்தாவதா பிறக்கறதுன்னா என்னன்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, மேலயும் கூட்டம் கீழயும் கூட்டம். மூத்தவளுக்கு இருக்கற பொறுப்பும் கிடையாது, கடைக்குட்டிக்கு கிடைக்கற செல்லமும் கிடையாது. அப்படி நடுவுல இருக்கற பிள்ளை தன் பாட்டுக்கு ஒரு மூலையில எதையாவது பிடிச்சுக்கிட்டு வளர்றதுக்கு அந்த மாதிரி வீட்டுல நிறைய இடம் இருக்கும்னு எனக்குத் தோணும்.

அவங்க வீட்டுப் பேர் எடம். பெரிய லைப்ரரி, அப்பா தானே பார்த்துப் பார்த்து போட்ட தோட்டம். இந்த அப்பாவைப் பத்தி கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா தோட்டம் வச்ச ஜட்ஜுங்க அந்தக் காலத்துல எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க, பங்களான்னா தோட்டமும் கூடவே வரும். இவர் வித்தியாசம் எங்கன்னா, தோட்டத்தைப் பத்தி விவரமா குறிப்பு எழுதி வச்சார். இயற்கை விஞ்ஞானத்துல ஆர்வம், அந்தக் கால அறிஞர்களோட கடிதப் போக்குவரத்து, வட மலபார் பறவைகளைப் பத்தி ரெண்டு புத்தகம் எழுதினார்னும் சொல்றாங்க. ஒரு செடியை ரசிக்கறதும் அதை வரியில எழுதி வைக்கறதும் வேற வேற வேலை. எழுதணும்னு உக்காந்துட்டா பார்வையே மாறிடும், இலை எதிரெதிரா இருக்கா மாறி மாறி இருக்கா, போன வருஷம் வச்சது எப்படி வந்திருக்கு, பக்கத்துல இருக்கறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம், இதெல்லாம் கண்ணுல பட ஆரம்பிக்கும். பாட்டனி படிக்கற பசங்களுக்கு முதல் வருஷம் நாங்க கத்துக் கொடுக்கப் படாதபாடு படறது இந்த ஒரு பழக்கத்தைத் தான். அது அந்தப் பொண்ணுக்கு வீட்டுலயே, யாரும் பாடமா நடத்தாம, அப்பா செய்யறதைப் பார்த்தே வந்திருக்கு. பின்னாடி மைக்ரோஸ்கோப்ல குரோமோசோம் (செல்லுக்குள்ள பரம்பரைக் குணத்தைச் சுமக்கற இழை) எண்ணுற வேலையை வாழ்நாள் முழுக்க அலுக்காம செஞ்சாங்களே, அந்தப் பொறுமைக்கு நான் தேடுற வேர் இது தான். இன்னொண்ணும் இருக்கு, அந்த வீட்டுல விஞ்ஞானம்ங்கறது சம்பளத்துக்கு செய்யற வேலையா இல்லாம, கோர்ட் முடிஞ்சு வந்த மனுஷன் ஆசையா செய்யற காரியமா இருந்துச்சு, அந்த ஆசையை தான் பிள்ளைங்க பார்த்தாங்க.

இப்போ அம்மா. தேவி குருவாயி. இவங்க அம்மா குஞ்ஞி குரும்பி குருவாயி, தீயர் சமூகத்துப் பெண். அப்பா ஜான் சைல்ட் ஹானிங்டன், பிரிட்டிஷ் சிவில் சர்வீஸ் அதிகாரி, திருவிதாங்கூர்ல ரெசிடென்ட்டா, அதாவது சமஸ்தானத்துல பிரிட்டிஷ் அரசோட பிரதிநிதியா இருந்தவர். ரெண்டு பேருக்கும் கல்யாணம் கிடையாது. அதாவது ஜானகி அம்மாளோட சொந்தத் தாத்தா, ஒரு சமஸ்தானத்துல கிட்டத்தட்ட ராஜாவுக்கு சமமா உக்காந்திருந்த வெள்ளைக்காரர், ஆனா சட்டப்படி பார்த்தா அவருக்கும் இவங்களுக்கும் எந்த உறவும் இல்ல.

இதை சிலர் கிசுகிசு மாதிரி எழுதறாங்க, சிலர் மரியாதைக்காக மறைச்சுடறாங்க, ரெண்டுமே தப்புன்னு நினைக்கறேன். வட மலபார்ல கம்பெனி காலத்துல இருந்தே இங்கிலீஷ்காரங்க கோட்டை, பண்டகசாலை, கோர்ட்டுன்னு இருந்தாங்க, அவங்களோட தீயர் பெண்கள் சேர்ந்து வாழ்ந்த குடும்பங்கள் இருந்துச்சு. ஒரு காலம் வரைக்கும் அது பெரிய அவமானமா பார்க்கப்படல, 19ம் நூற்றாண்டு கடைசிக்கு வரவர ஊர் பார்வை மாறி அந்தக் குடும்பங்களைத் தள்ளி வைக்கற போக்கு வந்துச்சு. ஜானகி பிறந்தது சரியா அந்த மாற்றம் நடந்துக்கிட்டு இருந்த நேரத்துல. வீட்டுல இங்கிலீஷ் புத்தகம், இங்கிலீஷ் பழக்கவழக்கம், வெள்ளைக்காரங்களைப் பார்த்து மிரளாத ஒரு சகஜம் எல்லாம் இருந்துச்சு. அதே சமயம் வெளியில நம்மளைப் பத்தி ஊர் என்ன பேசுதுன்னு அந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு தெரியாமலும் இருந்திருக்காது.

இங்க ஒண்ணு சொல்லணும். "கலப்புக் குடும்பத்துல பிறந்ததால தான் கலப்பினச் செடி ஆராய்ச்சி பண்ணாங்க"ன்னு ஒரு வாக்கியம் அடிக்கடி வருது. கேட்க நல்லா தான் இருக்கும், ஆனா நான் இதை ஏத்துக்கல. 1920, 30கள்ல பயிர் ஆராய்ச்சின்னாலே கலப்பு தான், உலகம் முழுக்க குரோமோசோம் எண்ணிக்கிட்டு இருந்த அத்தனை பேரும் ரெண்டு செடியைச் சேர்த்தா என்ன ஆகும்னு தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, அவங்க எல்லாருக்கும் வெள்ளைக்காரத் தாத்தா இருந்தாங்களா என்ன. அம்மா வழி அவங்களுக்கு கொடுத்தது ஆராய்ச்சித் தலைப்பை இல்ல. எந்த சாதியும் எந்த தேசமும் இவங்க எங்க ஆளுன்னு முழுசா கை நீட்டாத ஒரு இடத்துல நின்னு வாழற பழக்கத்தைக் கொடுத்துச்சு. மிஷிகன், லண்டன், அலகாபாத்னு எங்க போனாலும் தனியா போய் தனியா வேலை பார்த்தாங்களே, அதுக்கு அந்தப் பழக்கம் உதவி இருக்கும்.

சாதியையும் சேர்த்து தான் பார்க்கணும். தீயர்னா அன்னைக்கு தீட்டு வரிசையில கீழ வச்சிருந்த சமூகம், கோயிலுக்குள்ள விட மாட்டாங்க. திவான் பகதூர் பட்டம் வாங்கி கோர்ட்ல ஜட்ஜா உக்காந்து தீர்ப்பு சொல்றவர் கூட பிறப்பால கோயில் வாசலுக்கு வெளிய நிக்க வேண்டியவர் தான். 1908ல தலசேரியில ஜகந்நாத கோயிலை நாராயண குரு பிரதிஷ்டை பண்ணார், தீயர் சமூகம் தங்களுக்குன்னு தாங்களே எழுப்பிக்கிட்ட கோயில். அப்போ ஜானகிக்கு 10 வயசு. சொந்த ஊர்ல, தன் ஜனம், நமக்கு கதவு திறக்கலன்னா நாமளே கட்டிக்குவோம்னு கிளம்புனதை ஒரு பத்து வயசுப் பொண்ணு பார்த்து வளர்ந்திருக்கா.

தலசேரியே தனி ஊருங்க. 1839ல ஹெர்மன் குண்டர்ட் வந்து இல்லிக்குன்னுல தங்கி மலையாள அகராதி வேலை பார்த்தது இங்க தான், பாசல் மிஷன் ஸ்கூல்ங்க வந்துச்சு, எட்வர்ட் பிரென்னன்னு துறைமுகத்துல வேலை பார்த்த இங்கிலீஷ்காரர் எல்லா சாதி மதப் பசங்களும் படிக்கணும்னு எழுதி வச்சுட்டுப் போன காசுல 1862ல ஸ்கூல் வந்துச்சு, அது தான் பின்னாடி பிரென்னன் காலேஜ். மேல்சாதிக்காரங்க சமஸ்கிருதமும் நிலமும் இருக்குன்னு நிதானமா இருந்த நேரத்துல தீயர் வீட்டுப் பசங்க இங்கிலீஷ் படிச்சு வக்கீல், முன்சீப், தாசில்தார்னு மேல வந்தாங்க. கிருஷ்ணன் மாதிரி ஒருத்தர் சப் ஜட்ஜ் ஆனதுக்குப் பின்னாடி இந்த அலை இருக்கு. அப்புறம் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பள்ளி நடத்துனதும் இதே ஊர்ல, அந்த ஊர்ப் பெண்கள் சர்க்கஸ்ல சேர்ந்து ஊர் ஊரா தேசம் தேசமா போனாங்க. பெண்ணுங்க கடல் தாண்டறது அந்த மண்ணுக்கு அவ்வளவு அந்நியமான விஷயம் இல்ல.

அடுத்தது மருமக்கத்தாயம். இதை விட்டுட்டு இந்த வீட்டைப் பத்தி பேசவே முடியாது. வட மலபார் தீயர்கள் தாய் வழி. சொத்து, தறவாட்டுப் பேர், உரிமை எல்லாம் பெண் வழியா இறங்கும். தெற்கு மலபார் தீயர்கள் அப்படி இல்ல, அவங்க மக்கத்தாயம், அப்பா வழி. இந்த ஒரு வித்தியாசம் ஒரு பொண்ணோட வாழ்க்கையில எவ்வளவு பெருசுன்னா, அதே 1920ல நம்ம பக்கம் ஒரு நடுத்தர வீட்டுல இருபது வயசு தாண்டி கல்யாணம் ஆகாத பொண்ணு இருந்தா அது வீட்டுக்கே பாரம், ஊர்ல தலை காட்ட முடியாது. தாய் வழி வீட்டுல பொண்ணு எங்கயும் "போய்ச் சேர" வேண்டியவ இல்ல, அது அவ வீடு, புருஷன் இருந்தாலும் இல்லாட்டியும் அவளுக்கு அங்க பங்கு உண்டு. அதுக்காக அங்க பெண்ணுங்க ராஜ்ஜியம் நடந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க, காரணவர்னு மாமன் தான் நிர்வாகம், ஜானகியோட அக்காமாருங்களுக்கு எல்லாம் வீட்டுல பார்த்து தான் கல்யாணம் நடந்துச்சு. ஆனா கல்யாணம் வேணாம்னு ஒருத்தி சொன்னா அவ பட்டினி கிடக்கணும்ங்கற நிலை இல்ல. அந்த ஒரு தைரியம் அடியில இருந்துச்சு.

அவங்களே இதை மறக்கல. 1955ல பிரின்ஸ்டன்ல பூமியோட முகத்தை மனுஷன் எப்படி மாத்துனான்னு ஒரு பெரிய சர்வதேசக் கருத்தரங்கு, அதுக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் விஞ்ஞானி இவங்க. அங்க இந்தியாவோட சுயதேவை விவசாயத்தைப் பத்தி பேசறப்போ, பழங்குடி மக்களோட பயிர் அறிவு, தாய் வழிச் சமூகங்கள்ல சொத்தையும் செடி கொடிகளையும் பாதுகாக்கற பெண்களோட இடம், இதையெல்லாம் எடுத்து வச்சாங்க. குரோமோசோம் ஆளுங்க யாரும் பேசாத விஷயம். தலசேரி வீட்டுல வளராத ஒருத்தருக்கு இது ஆராய்ச்சிக்கு சம்பந்தமே இல்லாத சமாச்சாரமா தெரிஞ்சிருக்கும்.

மலபார் மண்ணுக்கே தாவரவியல்ல ஒரு தனி இடம் உண்டுங்கறதையும் சொல்லிடறேன். டச்சுக்காரங்க காலத்துல வான் ரீட் தொகுத்த, மலபார் செடிகளைப் பத்தின ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்ங்கற நூல், 12 தொகுதி, 1678ல இருந்து 1693 வரைக்கும் ஆம்ஸ்டர்டாம்ல அச்சாச்சு. அதுல மூலிகை விவரம் சொன்ன முக்கியமான ஆள் இட்டி அச்சுதன், ஈழவ வைத்தியர். தெற்குல ஈழவர், வடக்குல தீயர், பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பேசற சமூகங்கள், ரெண்டுலயும் வைத்தியர் பரம்பரை நிறைய. ஜானகி அம்மாள் வீட்டுல யாரும் வைத்தியம் பார்த்தாங்கன்னு நான் சொல்ல வரல. செடியோட பேர், குணம், எங்க முளைக்கும்ங்கறதெல்லாம் பெரிய அறிவா மதிக்கப்பட்ட கடற்கரை அதுன்னு மட்டும் சொல்றேன். அவங்க வயசான காலத்துல மூலிகைச் செடிகளையும் பழங்குடி மருத்துவத்தையும் நோக்கித் திரும்புனதை யாராவது திசை மாற்றம்னு எழுதுனா எனக்கு அது சரியா படல.

சரி, படிப்பு. தலசேரியில சேக்ரட் ஹார்ட் கான்வென்ட். அப்புறம் மெட்ராஸ், குயின் மேரிஸ் காலேஜ். அங்கிருந்து பிரசிடென்சி காலேஜ்ல பாட்டனி ஆனர்ஸ், 1921. அப்புறம் விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல டீச்சர் வேலை.

இதுல வருஷத்தைக் கவனிங்க. குயின் மேரிஸ் 1914ல தான் மெரினா பக்கம் கேப்பர் ஹவுஸ்ல ஆரம்பிச்சாங்க, அப்போ பேர் மெட்ராஸ் காலேஜ் ஃபார் விமன், 1917ல தான் குயின் மேரிஸ்னு ஆச்சு. விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜ் 1915. அதுக்கு முன்னாடி மெட்ராஸ்ல மேல படிக்கணும்னா பசங்க காலேஜ்ல ஒண்ணு ரெண்டு பொண்ணா போய் உக்காரணும், வெளியூர்ல இருந்து வர்றவங்களுக்கு தங்க இடம் வேற பெரிய பிரச்சனை. 1914ல ஜானகிக்கு 17 வயசு. பத்து வருஷம் முன்னாடி பிறந்திருந்தா அதே அப்பா, அதே தோட்டம், அதே லைப்ரரி, ஆனா மலபார்ல இருந்து ஒரு பொண்ணை நம்பி அனுப்பி வைக்கற மாதிரி ஒரு காலேஜ் இருந்திருக்காது. 1911 சென்சஸ்ல இந்தியாவுல பெண்கள் படிப்பறிவு சுமார் 1 சதவீதம் தான். குடும்பப் பின்னணின்னு பேசறப்போ இந்தக் கணக்கையும் சேர்த்துக்கணும், வீடு தயாரா இருந்தா மட்டும் போதாது.

அவங்க மேல யார் தாக்கம்னு கேக்கறவங்ககிட்ட நான் ஒண்ணு சொல்வேன். கான்வென்ட்ல கன்னியாஸ்திரீகள். குயின் மேரிஸ்ல முதல் பிரின்சிபால் மிஸ் டோரதி டி லா ஹே. விமன்ஸ் கிறிஸ்டியன்ல மிஸ் எலனோர் மெக்டூகல். எல்லாருமே கல்யாணம் ஆகாத பெண்கள், படிச்சவங்க, ஸ்தாபனத்தை நடத்துறவங்க, யாருடைய மனைவியாவும் மகளாவும் இல்லாம தங்கள் வேலையால மட்டும் மதிக்கப்பட்டவங்க. ஆறு வயசுல இருந்து இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஒரு பொண்ணு கண்ணு முன்னாடி இப்படிப்பட்டவங்களையே பார்த்துக்கிட்டு இருந்தா, கல்யாணம் இல்லாத வாழ்க்கைங்கறது பயமுறுத்தற விஷயமா இருக்காது, அதுவும் ஒரு வழின்னு தோணிடும். அப்பா கொடுத்த தோட்டத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ அதே அளவு பங்கு இதுக்கும் உண்டுன்னு நான் நினைக்கறேன், இதை எங்கயும் யாரும் எழுதலைங்கறது எனக்கு வருத்தம்.

பிரசிடென்சியில தான் அவங்களுக்கு சைட்டோஜெனடிக்ஸ், அதாவது செல்லுக்குள்ள குரோமோசோமைப் பார்த்து பரம்பரையைப் புரிஞ்சுக்கற படிப்பு, அது மேல பிடிப்பு வந்துச்சு. அப்போ அது சின்ன வயசுத் துறை. மெண்டலோட பட்டாணிக் கணக்கு 1900ல தான் திரும்பக் கண்டுபிடிக்கப்பட்டுச்சு, குரோமோசோம் தான் பரம்பரையைத் தூக்கிட்டுப் போகுதுங்கறது அப்பத்தான் உறுதி ஆகிட்டு இருந்துச்சு. பழைய துறைன்னா பழைய ஆளுங்க நாற்காலியில உக்காந்திருப்பாங்க, புதுத் துறையில வேகமா கத்துக்கறவங்களுக்கு இடம் கிடைக்கும்.

இனி அந்தக் கல்யாண விஷயம். அக்காமாருங்களுக்கு ஒவ்வொருத்தரா முடிஞ்சு இவங்க முறை வந்துச்சு, முறைப் பையன் ஒருத்தரோட பேச்சு நடந்துச்சு. அதே சமயத்துல மிஷிகன் யுனிவர்சிட்டியில இருந்து பார்பர் ஸ்காலர்ஷிப் வந்துச்சு. லெவி பார்பர்னு அந்த யுனிவர்சிட்டியில படிச்ச ஒருத்தர், ஆசியப் பெண்கள் படிக்கறதுக்குன்னே கொடுத்த பணம் அது. படிச்சு முடிச்சுட்டு சொந்த நாட்டுக்குத் திரும்பி வேலை செய்யணும்ங்கறது நோக்கம். இவங்க ஸ்காலர்ஷிப்பை எடுத்துக்கிட்டாங்க. 1924ல கிளம்பிட்டாங்க. நியூயார்க் எல்லிஸ் தீவுல பேப்பர் சரியில்லன்னு நிறுத்தி வச்சப்போ, நீளமான கூந்தலும் பட்டுப் புடவையும் பார்த்து இந்திய இளவரசியான்னு கேட்டாங்களாம், இவங்க இல்லைன்னு மறுக்கலையாம். குடும்பத்துல வழி வழியா சொல்ற கதை இது. எனக்கு அதுல பிடிச்சது அந்த நிமிர்வு தான், இருபத்தாறு இருபத்தேழு வயசுல தனியா அந்நிய தேசத்து வாசல்ல நிக்கறப்போ அந்த நிமிர்வு எங்க இருந்து வந்துச்சுன்னா, எடம் வீட்டுல இருந்து தான்.

ஆன் ஆர்பர்ல பெண்களுக்குன்னே இருந்த மார்த்தா குக் கட்டிடத்துல தங்குனாங்க, ஹார்லி ஹாரிஸ் பார்ட்லெட்கிட்ட வேலை செஞ்சாங்க. மாஸ்டர்ஸ் முடிச்சுட்டு மெட்ராஸ் திரும்பி கொஞ்ச நாள் பாடம் எடுத்துட்டு மறுபடி போய் 1931ல டாக்டர் ஆஃப் சயன்ஸ். அங்க உருவாக்குன ஒரு கத்தரிக்காய் கலப்பினத்துக்கு ஜானகி பிரிஞ்சால்னே பேர். பார்ட்லெட்டைப் பத்தி ரெண்டு வரி சொல்லலைன்னா குறையாயிடும். அவர் மரபியல்ல ஆரம்பிச்சவர், ஆனா சுமத்ரா, பிலிப்பைன்ஸ் மக்கள் செடியை எப்படி உபயோகிக்கறாங்க, காட்டை எரிச்சு எப்படி விவசாயம் பண்றாங்கன்னு தேடிப் போனவர். ஒரு பக்கம் குரோமோசோம், இன்னொரு பக்கம் மனுஷங்களோட தாவர அறிவு. ஜானகி அம்மாள் வாழ்க்கையில பின்னாடி இந்த ரெண்டும் ஒண்ணா ஓடுச்சுன்னா அதுல இந்த வாத்தியார் கை இருக்கு. மேல சொன்ன 1955 கருத்தரங்கோட தொகுப்புல அவர் கட்டுரையும் இருக்கு, மாணவி கட்டுரையும் இருக்கு.

அதுக்கப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன், கேள்வி அது இல்லைங்கறதால. திருவனந்தபுரம் மகாராஜா காலேஜ்ல பேராசிரியர், 1934ல கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம், 1940ல லண்டன் ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையம், அங்க சிரில் டார்லிங்டனோட சேர்ந்து 1945ல பயிர்த் தாவரங்களோட குரோமோசோம் அட்லஸ், அப்புறம் இங்கிலாந்துலயே விஸ்லி தோட்டம், அங்க ஒரு மக்னோலியாவுக்கு இவங்க பேர், 1951ல நேரு கூப்பிட்டு திரும்ப வந்து இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையை (பொட்டானிக்கல் சர்வே ஆஃப் இந்தியா) சீரமைக்கற வேலை, 1977ல பத்மஸ்ரீ. கடைசி காலம் நம்ம மதுரவாயல்ல, மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட கள ஆய்வகத்துல, அங்கயே 1984 பிப்ரவரி 7ல இறந்தாங்க. சாகற வரைக்கும் வேலை.

கோயம்புத்தூர் பத்தி பரவுற ஒரு தப்பை மட்டும் திருத்திடணும், ஸ்கூல் பசங்க கட்டுரையில எல்லாம் எழுதறாங்க. "இந்தியக் கரும்புக்கு இனிப்பு கொடுத்தவரே இவங்க தான்"னு. கோ 205, பேய்க்கரும்புங்கற காட்டு வகையையும் வயல்ல பயிரிடற கரும்பையும் சேர்த்து வந்த முதல் வெற்றிகரமான ரகம், 1918லயே வந்தாச்சு, அந்த நிலையத்து விஞ்ஞானிகள் சி.ஏ. பார்பரும் (ஸ்காலர்ஷிப் கொடுத்த பார்பர் இல்ல, இவர் வேற) வெங்கடராமனும் செஞ்ச வேலை. இவங்க அங்க சேர்ந்தது 1934ல. இவங்க செஞ்சது வேற, அந்தக் கலப்பெல்லாம் உள்ளுக்குள்ள எப்படி வேலை செய்யுதுன்னு குரோமோசோம் அளவுல காட்டுனது, கரும்பை சோளம், மக்காச்சோளம் மாதிரி வேற பேரினப் புல்லுங்களோட சேர்த்துப் பார்த்தது, பேய்க்கரும்பு ஊருக்கு ஊர் குரோமோசோம் எண்ணிக்கையில எப்படி மாறுதுன்னு அலசுனது. அது தன்னளவுலயே பெரிய சாதனை, அடுத்தவங்க செஞ்சதை எடுத்து இவங்க தலையில வைக்க வேண்டிய அவசியமே இல்ல.

அந்த ஆண்கள் மட்டும் இருந்த ஆராய்ச்சி உலகத்துல தனியா இருக்கற பெண், அதுவும் பிற்படுத்தப்பட்ட சாதின்னு பார்க்கப்பட்டவங்க, நிறைய சங்கடப்பட்டாங்க. வீட்டுல கிடைச்ச கௌரவம் வெளியில கிடைக்கல. அப்பா ஜட்ஜ், தாத்தா ரெசிடென்ட்ங்கறதெல்லாம் அங்க எந்தக் கதவையும் திறக்கல.

இப்போ கடைசிக் கேள்வி, வசதியான வீடுங்கறதால தானா. வசதி இல்லாம இது நடந்திருக்காதுங்கறது உண்மை, அதை மறைக்கக் கூடாது. கான்வென்ட் ஃபீஸ், மெட்ராஸ் ஹாஸ்டல், வீட்டுல நிறைஞ்ச புத்தகம், சம்பாதிச்சுப் போடணும்ங்கற நெருக்கடி இல்லாத இளமை, இதெல்லாம் அன்னைக்கு எத்தனை தீயர் வீட்டுப் பொண்ணுக்குக் கிடைச்சுது. ஆனா 19 பிள்ளைங்க இருந்த வீட்டு வருமானம் யாரையும் அமெரிக்காவுக்கு அனுப்பல, அனுப்புனது ஸ்காலர்ஷிப். அதை விட முக்கியமானது, அதே அப்பா, அதே தோட்டம், அதே லைப்ரரி, அதே தாய் வழி உரிமை, எல்லாமே மத்த பொண்ணுங்களுக்கும் இருந்துச்சு. அக்காமாருங்க எல்லாம் வீட்டுல சொன்ன வழியில போனாங்க, அவங்களைக் குறையா சொல்லல, அன்னைக்கு அது தான் நடைமுறை. பேச்சு வரைக்கும் வந்த கல்யாணத்தையும் கையில வந்த ஸ்காலர்ஷிப் லெட்டரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்து லெட்டரை எடுத்தது ஜானகி மட்டும் தான். அந்த முடிவுக்கு அப்பாவையோ அம்மா வழியையோ ஊரையோ காலேஜையோ காரணமா காட்டி முழுசா விளக்கிட முடியும்னு நான் நினைக்கல, அது அவங்க சொந்த முடிவு.